அவிட்டத்தில் அடைத்த வீடு

அன்று காலை எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் இவர்கள்தான். அம்மா. நான். தம்பி. கம்மாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பெரியப்பா. காடாம்புலியூரிலிருந்து மொபெட்டில் வந்த மாமா, அவர் அம்மாவுக்குத் தம்பி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி. நைட் ஷிப்ட் முடிந்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே வந்து நின்ற ஆன்ட்டி வீட்டு அங்கிள். பெரியப்பா கையோடு கூட்டிக்கொண்டு வந்த பஞ்சாங்கக்காரர். அப்புறம் முன் ரூமில், கட்டிலில், அப்பா. அப்பாவை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். விட்டுவிட மனசு கேட்கவில்லை.

நீங்களெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். பள்ளிக்கூடப் பையோடு நின்றவர்களும் உண்டு. போன மாதம் நம்ம ப்ளாக் பிள்ளைகள் குரூப்பில் ஒருத்தர் கேட்டிருந்தீர்கள்: "நம்ம தெருவுல ஒரு வூட்ட ஆறு மாசம் பூட்டி, வாசல்ல வெளக்கு வெச்சிகினு இருந்தாங்களே, அது யார் வூடு?" அதற்குக் கீழே ரெண்டு பேர் பேய் வீடு என்று எழுதி, சிரிக்கிற பொம்மை போட்டிருந்தீர்கள். கோபமில்லை. நமக்கும் முப்பது நெருங்குகிறது, எல்லாம் மறந்துபோகிற வயசு வந்துகொண்டிருக்கிறது. அது எங்கள் வீடு. உங்களுக்குச் சொல்லாமலே நாங்கள் போய்விட்டதால் இப்போது சொல்கிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்ம ப்ளாக்கில் எந்த வீட்டுக் கடிகாரமும் சரியான நேரம் காட்டாது, ஞாபகமிருக்கிறதா? ஷிப்ட் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் முள்ளை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் பத்து நிமிஷம், ஒரு வீட்டில் கால் மணி. எங்கள் அப்பா பயந்த ஆள், அவர் இருபது நிமிஷம் தள்ளி வைத்திருந்தார். வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துப் பதறி எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, அங்கே பஸ்ஸுக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்பா சிரிப்பார். "எங்க ஊரு நேரம் உங்க ஊருக்கு முன்னாடியே போவும்" என்பார்.

கடிகாரத்துக்குக் கீழே தினசரி காலண்டர். அது அம்மாவுடையது. காலையில் டீ போட்டதும் தாளைக் கிழித்து, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், என்ன நட்சத்திரம், அது எத்தனை மணி வரைக்கும், அன்றைக்கு யார் ராசிக்குச் சந்திராஷ்டமம், எல்லாம் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்பா கிண்டல் செய்வார்.

"மைன்ஸ்ல மண்ணு வாரற மிஷினுக்கு ராகு காலம் தெரியுமாடி? அது பாட்டுக்கு சுத்திகினு கெடக்குது."

"மிஷினுக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல. உங்களுக்கு இருக்குது" என்பாள் அம்மா.

செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ராகு காலம் குறுக்கே வந்தால், அதற்கு முன்பே அப்பாவின் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிடுவாள். செருப்பு நல்ல நேரத்தில் கிளம்பிவிட்டது, ஆள் பின்னால் போனால் பரவாயில்லை என்பது அவள் கணக்கு. அப்பா வெறுங்காலோடு படியிறங்கிப் போட்டுக்கொள்வார். அந்தச் செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பழைய டயரில் அடிப்பாகம் தைத்தது.

பெரிய புயல் அடித்ததே, தெருவில் ஒரு மரம் பாக்கியில்லாமல் சாய்ந்ததே, அதற்கு அடுத்த மாசி மாதத்தில்தான் அப்பா போனார். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முன் ரூமில் கட்டில் போட்டோம். அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டாள். அப்பா அசைந்தால் தெரிய வேண்டும் என்று அவர் வேட்டி நுனியைத் தன் வளையலில் முடிந்துகொள்வாள். வாரக்கணக்கில் அவள் சரியாகத் தூங்கி நான் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே தலை சாயும். கூப்பிட்டால், "தூங்கல, தூங்கல" என்பாள்.

நானும் தம்பியும் உள் ரூமில் படுத்திருந்தோம். அம்மாவின் சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம். அப்போது வெளியே வெளுத்துவிட்டிருந்தது. பால் பாக்கெட் வாசலில் கிடந்தது. அம்மா கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஆன்ட்டி ஓடி வந்து அப்பாவின் கண்ணை மூடினார். கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டியதும் அவர்தான். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனாலும் எங்கள் வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியும்.

வெயில் ஏறுவதற்குள் பெரியப்பாவும் மாமாவும் வந்துவிட்டார்கள். நாலு பேரிடம் போன் போட்டுப் பேசினார்கள். அப்புறம் பஞ்சாங்கக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு இல்லை, நூல் கட்டியிருந்தார்.

"உசிரு எத்தினி மணிக்குப் போச்சிங்க?" என்று கேட்டார்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"சொல்லும்மா" என்றார் பெரியப்பா. "நீதான கூட இருந்த."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டு, "நாலரை" என்றாள்.

பஞ்சாங்கக்காரர் விரலை வைத்து வரியைப் பிடித்தார். உதடு அசைந்தது. திரும்ப ஒருமுறை பார்த்தார். "திருவோணம் நாலேகாலோட முடியுதுங்க. அதுக்கு மேல அவிட்டம்" என்றார்.

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உங்களில் பல பேருக்கு இது தெரிந்திருக்காது. சில நட்சத்திரத்தில் உயிர் போனால் வீட்டை அடைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். அடைப்பு என்பார்கள். ரெண்டு மாதம், மூணு மாதம் என்று நட்சத்திரத்துக்குத் தகுந்தபடி. அவிட்டத்துக்கு ஆறு மாதம். உயிர் போன இடத்தில் யாரும் புழங்கக் கூடாது. விளக்கு வைக்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும். மீறினால் அதே குடும்பத்தில் இன்னும் உயிர் போகும் என்று பயம். திருவோணத்துக்கு அதெல்லாம் ஒன்றும் கிடையாது. கால் மணி முன்னால் போயிருந்தால் எங்கள் வீடு திறந்தே இருந்திருக்கும்.

அங்கிள் மெதுவாகக் கேட்டார். "வெள்ளிக்கெழம வெடிகாலையில எறந்தாருன்னா, வெள்ளிக்கெழம நட்சத்திரத்தத்தான பாக்கணும்?"

"வெள்ளிக்கெழம எங்கங்க பொறந்துது?" என்றார் பஞ்சாங்கக்காரர். "பாதி ராத்திரியில நாளு மாறுறது காலண்டருக்கு. நமக்கு சூரியன் வந்தாத்தான் அடுத்த நாளு. அவுரு போனது வியாழக்கெழமைலதான். நட்சத்திரம் அப்பிடி இல்ல. அது காத்துகினு இருக்காது, அது முடியற நேரத்துக்கு முடிஞ்சி, அடுத்தது வந்துடும்."

அங்கிள் தலையாட்டினார். "எங்களுக்கும் அப்பிடித்தாங்க. நேத்து ராத்திரி போனேன், இன்னிக்கு காலையில வந்தேன். ஆனா வருகை போடறது நேத்து தேதிக்குத்தான்."

அந்த இடத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். மாமாவாக இருக்கும். உடனே அடங்கிவிட்டது.

அப்புறம் வாக்குவாதம். குவார்ட்டர்ஸில் எந்த ரூமை அடைப்பது? உயிர் போனது முன் ரூமில். அதைத் தாண்டாமல் உள்ளே போக வழியில்லை. அங்கிள்தான் என்னைக் காட்டி எங்கள் பக்கம் பேசினார்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா கொஞ்ச மாசம் இந்த வூட்லயே இருந்துக்கலாம். பாப்பாவுக்குப் பரீட்ச வருது. அவசரப்பட வேணாம். கட்டில் இருந்த எடத்துல மட்டும் ஒரு துணி கட்டிடுங்க. பின்பக்கமா பொழங்கிக்கட்டும்."

பஞ்சாங்கக்காரரும், "அப்பிடியும் செய்றாங்க" என்றார்.

பெரியப்பா கேட்கவில்லை. "துணி கட்டினா அவிட்டத்துக்குக் கண்ணு தெரியாதா?" என்றார். "எங்க சித்தப்பா வூட்ல இப்பிடித்தான் பாதி அடைச்சாங்க. வருசம் திரும்பறதுக்குள்ள ரெண்டு பேரு. எனக்கு மூணு பசங்க. என் தம்பிக்கு ஒரே ஒரு ஆம்பளப் புள்ள." தம்பியை இழுத்துத் தன் முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார். அவன் சட்டையைக் கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். சின்ன வயசில் அவர் எங்களைத் துரத்துவதற்காக அப்படிச் செய்தார் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது. நிலம் மைன்ஸுக்குப் போனபோது, அதற்குக் கிடைத்த ஒரு வேலையை அப்பாவுக்கு விட்டுக் கொடுத்தவர் அவர். எங்களுக்குக் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

அம்மாவை யாரும் கேட்கவில்லை. சுவரில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

எடுக்கும்போது இன்னொரு சிக்கல். அடைப்பு நட்சத்திரம் என்றால் தலைவாசல் வழியாகத் தூக்கிப் போகக் கூடாதாம். ஊரில் சுவரை இடித்து வழி செய்வார்கள். பெரியப்பா கடப்பாரை கேட்டார். அங்கிள், "இது கம்பெனி சுவருங்க. செங்கல்லு ஒண்ணு எடுத்தாலும் அப்புறம் இவங்கதான் பதில் சொல்லணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பின்வாசல். அங்கே பாடை திரும்ப இடமில்லாமல் முருங்கை மரம் தடுத்தது. அப்பா வைத்த மரம். புயலில் முறிந்து, பாதி மரத்திலிருந்து மறுபடி துளிர் விட்டு, அந்த வாரம்தான் பூ வைத்திருந்தது. மாமா அரிவாளால் நாலு வெட்டில் சாய்த்தார். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லார் காலிலும் முருங்கைப் பூ ஒட்டியிருந்தது.

காரியம் முடிந்த மறுநாளே பூட்டினோம். ரெண்டு டிரங்குப் பெட்டி, துணி, என் புத்தகப் பை. மற்றதெல்லாம் போட்டது போட்டபடி. பஞ்சாங்கக்காரர் கதவுத் தாழ்ப்பாளில் மஞ்சள் நூல் சுற்றினார். அவருக்கு ஐநூறு ரூபாய் பேசியிருந்தார்கள். பாதியை வாங்கிக்கொண்டு, "மீதிய வூட்ட தொறக்கறப்ப குடுங்க. நானே வந்து சாந்தி செஞ்சி தொறந்து விடுறேன்" என்றார்.

தினமும் விளக்கு யார் வைப்பது? நாங்கள் காடாம்புலியூரில் இருந்துகொண்டு இங்கே எப்படி வைப்பது? பெரியப்பா திகைத்தார். ஆன்ட்டி, "நான் வெக்கிறேன்" என்றார்.

"நீங்க கோயிலுக்குப் போறவங்களாச்சே" என்றார் பெரியப்பா, அவர்கள் கோயிலைச் சொல்கிறார்.

"போறவதான். மாதா கோச்சிக்க மாட்டாங்க. அவங்களுக்கும் சாவு வூடு தெரியும்."

நீங்கள் பார்த்த விளக்கு அதுதான். பேய் வைக்கவில்லை. ஆறு மாதமும் ஆன்ட்டிதான் எண்ணெய் ஊற்றி வைத்தார்.

காடாம்புலியூரில் மாமா வீடு ரெண்டு அறை, ஓடு போட்டது. புயலுக்கு முன்னால் சுற்றிலும் முந்திரித் தோப்பு, நடுவில் பலா. நாங்கள் போனபோது வேரோடு பிடுங்கிப்போட்ட மரங்களை விறகாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குச் சொந்த மரம் அத்தனையும் போய்விட்டது, அதற்கு மேல் நாங்கள் மூன்று பேர். அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு எங்களைப் பார்த்தால் பயம். தம்பி சாமி மாடத்துப் பக்கம் போனால், "டேய், அவிட்டத்து வூட்டுப் புள்ள, அங்க போவாத" என்பாள். பக்கத்துத் தெருவில் காது குத்து வைத்தார்கள். எங்களுக்குச் சாப்பாட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலமானால் கரண்ட் போகும். நிலக்கரி தோண்டிக் கரண்ட் செய்கிற நம்ம டவுன்ஷிப்பில் நமக்குக் கரண்ட் போவது என்றால் என்னவென்றே தெரியாதே. அந்த வருஷம் ஊர்ப்பக்கம் பகலில் பாதி, ராத்திரியில் பாதி இருக்காது. தம்பி முதல் வாரம் மாமாவைக் கேட்டான், "யாரு மாமா சுவிட்ச நிறுத்தறது?" மாமா, "உங்க ஊர்ல செய்றதுதான்டா, இங்க வந்து சேர மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தார். ஊர்ப் பிள்ளைகள் அவனுக்கு 'குவார்ட்டர்ஸ் கரண்ட்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நான் கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்தேன். உங்களில் சிலரைப் பார்த்துமிருக்கிறேன். பஸ் விட்டுவிடும், இல்லையென்றால் நிற்காது. பரீட்சையில் ரெண்டு எழுதினேன், மற்றது எழுதவில்லை. அப்பாவுக்கு வந்த பணம் வைத்தியத்துக்கு வாங்கின கடனுக்கே சரியாகப் போயிருந்தது. அப்பா இடத்துக்கு வீட்டில் ஒருத்தருக்குத் தருகிற வேலையைத் தம்பிக்கு வயசு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். லீவு விட்டதும் அம்மாவோடு முந்திரி உடைக்கப் போனேன். லீவு முடிந்தும் அங்கேயே இருந்தேன். படிப்பு நின்றது என்று யாரும் ஒரு நாள் சொல்லவில்லை. முந்திரித் தோலில் இருக்கிற எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்துப்போகும், தோல் உரியும். சாம்பல் தொட்டுக்கொண்டு உடைக்க வேண்டும். எனக்கு ரெண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் பழகவில்லை.

அம்மா அங்கேயும் நாலரைக்கு எழுந்துகொள்வாள். எழுந்து இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாள். காலண்டர் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள். அத்தை வீட்டுக் காலண்டர் இருக்கிற சுவர்ப் பக்கமே திரும்ப மாட்டாள். அப்பா போன துக்கம் என்று நினைத்தேன்.

ஆவணியில் ஆறு மாதம் முடிந்தது. ஆனால் கம்பெனி வீட்டை ஒப்படைக்கச் சொன்ன தேதியும் அதே வாரத்தில் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்து எங்களுக்குக் கிடைத்த மாதங்களும், அவிட்டம் எடுத்துக்கொண்ட மாதங்களும் ஒன்றாக முடிந்தன. நாங்கள் இருக்கலாம் என்று கொடுத்த நாள் முழுக்க வீடு பூட்டிக் கிடந்தது. பஞ்சாங்கக்காரருக்குப் போன் போட்டால், அந்த வாரத்தில் நல்ல நாளே இல்லை, ஒண்ணு கரிநாள், ஒண்ணு அஷ்டமி, தேய்பிறை போய் வளர்பிறை வரட்டும் என்றார். சாவி கொடுக்கிற தேதி வளர்பிறைக்குக் காத்திருக்குமா? மாமா ஒரு குட்டி டெம்போ பிடித்தார். அம்மா, நான், தம்பி, மாமா. நாலு பேர் போய் நாங்களே மஞ்சள் நூலை அறுத்தோம்.

உள்ளே ஒரு வாடை அடித்தது. எலிப்புழுக்கை, பழைய மருந்து, அடைத்துக் கிடந்த துணி. கட்டிலில் மெத்தை அப்படியே குழிந்திருந்தது. ஜன்னல் இடுக்கில் பல்லி முட்டை. அப்பாவின் டிபன் கேரியரை ஷெல்பில் கவிழ்த்து வைத்திருந்தாள் அம்மா, அது கவிழ்த்தபடியே இருந்தது. காலண்டரில் அந்த வியாழக்கிழமைத் தாளே தொங்கியது. அடியில் ஆறு மாதத் தாளும் கிழிக்காமல் கனமாக இருந்தது. தம்பி நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொன்றாகக் கிழிக்க ஆரம்பித்தான். மாமா, "மொத்தமா கழட்டுடா" என்றார். அவன் கேட்கவில்லை. அன்றைய தேதி வரைக்கும் கிழித்துக்கொண்டே வந்தான். தரையெல்லாம் நல்ல நேரமும் ராகு காலமுமாகக் கிடந்தது.

அதற்கு மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. யாருமில்லாத வீட்டில் ஆறு மாதம் ஓடியிருக்கிறது. நான் அதைக் கழற்றக் கை வைத்தேன். மாமா போனைப் பார்த்து, "மணி பத்தாவப் போவுது, சீக்கிரம்" என்றார். கடிகாரத்தில் பத்தே கால் தாண்டியிருந்தது.

போனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள், உங்களுக்குத் தெரியும். பரீட்சைப் பேனா எழுதுமா என்று பத்துத் தடவை கிறுக்கிப் பார்க்கிறவள். அப்படிப்பட்டவளுக்கு ஆறு மாதமாக இது தோன்றவில்லை. கடிகாரம் இருபது நிமிஷம் முன்னால். அம்மா சொன்ன நாலரை, இந்தக் கடிகாரத்து நாலரை என்றால், சரியான மணி நாலு பத்து. நாலேகால் வரைக்கும் திருவோணம். அப்பா திருவோணத்தில்தான் போயிருக்கிறார்.

அங்கேயே கத்திவிடலாமா என்று வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கட்டில் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், இனி யாருக்கும் வேண்டாத கட்டிலை.

ஆன்ட்டி காபி கொண்டு வந்தார். விளக்கைக் கழுவித் துடைத்து அம்மா கையில் கொடுத்தார். "ஒரு நாளு மட்டும் மழையில அணைஞ்சிட்டுது. மறுபடி ஏத்திட்டேன்" என்றார், கணக்கு ஒப்படைக்கிற மாதிரி. அம்மா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

டெம்போவில் மாமாவும் தம்பியும் முன்னால் டிரைவரோடு ஏறிக்கொண்டார்கள். நானும் அம்மாவும் பின்னால் சாமான்களுக்கு நடுவில். கடிகாரத்தை நான் மடியில் வைத்திருந்தேன். ஆர்ச் கேட் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா. இது ஃபாஸ்ட்டு. அப்பா போனது அவிட்டத்துல இல்ல. திருவோணத்துல. நம்ம வூட்ட அடைச்சிருக்கவே வேணாம். நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் பின்னால் போகிற ரோட்டைப் பார்த்தாள். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போகும் வரைக்கும் காத்திருந்த மாதிரி இருந்தது.

"நான் கடிகாரத்தப் பாத்தா சொன்னேன்?" என்றாள்.

"பின்ன?"

"தூங்கிட்டேன்டி."

எனக்குப் புரியவில்லை.

"தூங்கிட்டேன். அத்தினி நாளு முழிச்சிகினு இருந்துட்டு அன்னிக்குத் தூங்கிட்டேன். பால்காரன் பாக்கெட்டு போட்ட சத்தத்துலதான் முழிப்பு வந்துது. வளையல்ல வேட்டி அப்பிடியே கட்டியிருக்குது. கைய தொட்டா சில்லுன்னு இருக்குது. எப்ப போச்சின்னு எனக்குத் தெரியாது. ஒரு மடக்கு தண்ணி கேட்டாரோ, என்னவோ."

"அப்ப நாலரைன்னு..."

"எல்லாரும் என் வாயவே பாத்துகினு இருந்தாங்க. புருசன் உசிரு போவுது, இவ தூங்கினாளாம்னு சொல்ல மாட்டாங்களா? ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு எழுப்புறது நாலரைக்குத்தான? கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு முழிப்பு வர்ற நேரம் அது. வாயில அதான் வந்துது." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நட்சத்திரம் மாறியிருக்கும்னு நெனச்சனா? காலையில தாளு கிழிச்சாத்தான எனக்குத் தெரியும். அன்னிக்குக் கிழிக்கல."

கொஞ்ச தூரம் போனதும், "அப்புறம் மாத்திச் சொல்ல முடியல" என்றாள்.

அந்த ஆறு மாதம், பஸ், பரீட்சை, அத்தையின் சாமி மாடம், முருங்கை மரம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாக, வளையலில் முடிந்த வேட்டி நுனிதான் கண்ணில் நின்றது. தூங்கும்போதும் கையைக் கட்டி வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"மாமாகிட்ட சொல்லாத. பெரியப்பாகிட்டயும் சொல்லாத" என்றாள். சொல்லவில்லை. கடிகாரத்தை மாமா வீட்டில் மாட்டினோம். சரியான நேரத்துக்கு அதைத் திருப்பி வைத்தது நான்தான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு மழைக்காலத்தில் அது நின்றது. இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு மாசியிலும் அப்பாவுக்குத் திதி கொடுத்தோம். எந்தத் திதியில் போனார் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. அம்மா எள்ளும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கும்போது என்னைப் பார்க்க மாட்டாள்.

பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா போன வருஷம் பண்ருட்டியில் என் வீட்டில்தான் போனாள். அதனால்தான் இப்போது சொல்ல முடிகிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தூங்கவில்லை. கையில் போன் இருந்தது, மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி மூச்சு வந்த நிமிஷம் எனக்குத் தெரியும். அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

காலையில் சொந்தமெல்லாம் கூடியது. மாமாதான் பஞ்சாங்கக்காரரைக் கூட்டி வந்தார். அதே ஆள்தான், கிழவராகியிருந்தார். இப்போது கண்ணாடி புதுசு. "உசிரு எத்தினி மணிக்குப் போச்சிம்மா?" என்று என்னைக் கேட்டார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"தெரியலைங்க. அசந்து தூங்கிட்டேன்" என்றேன்.

அத்தை தாடையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு கிழவி, "பெத்த தாயி பக்கத்துல கெடக்கறப்ப" என்று ஆரம்பித்தாள், பாதியில் விட்டுவிட்டாள். அவ்வளவுதான். யாரோ காபி கொண்டு வந்தார்கள், குடித்தார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இதற்காகவா அம்மா பயந்தாள் என்று அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பஞ்சாங்கக்காரர், "பரவால்லம்மா, நேரம் தெரியலன்னா சூரியன் உதிக்கறப்ப என்ன இருக்குதோ அத வெச்சிக்கலாம்" என்று விரலை வரியில் ஓட்டிப் பார்த்தார். அடைப்பு இல்லை என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று என்னையே பார்த்தார். "குவார்ட்டர்ஸ்ல ஒரு வூடு அடைச்சமே, நாலரைக்கு, அது உங்க வூடுதான?" என்றார். ஆமாம் என்றேன். மேலே அவர் ஏதும் கேட்கவில்லை.

அன்றைக்கு அம்மா காரியத்துக்கு உள்ளதைக் கொடுத்தேன். வீடு அடைத்த பழைய பாக்கியைக் கொடுக்கக் கை வரவில்லை. கொடுத்தால் அந்த நேரம் சரி என்று நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். போன வாரம்கூட பஸ்ஸில் பார்த்தேன், சீட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இருநூற்றைம்பது ரூபாய்.